காரணம், இருபது எழுத்துக்குள்

சல்மாபாத்தில் கராஜ் வரிசைக்குப் பின்னால்
டயர் கடைக்கு மேல்மாடி.
கல்லூரி என்று சொல்லும்போது எனக்கே
கொஞ்சம் குரல் இறங்கும்.
நான்கு வகுப்பறை, ஒரு பட்டறை,
ஒன்றரைக் கழிப்பறை.
அந்த அரையை இந்த ஆண்டு முழுதாக்கினோம்.
'உட்கட்டமைப்பு மேம்பாடு' என்று
முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டேன்.

ஆண்டறிக்கைப் படிவம் நாளைக் காலைக்குள்
மனாமா போய்ச் சேர வேண்டும்.
"முன்னேற்றம் எத்தனை சதவீதம்?"
பிரின்சிபால் பதூல் மேடம் கதவில் சாய்ந்து நிற்கிறார்.
போன வருஷம் நூற்றுப் பதினேழு பேர்,
இந்த வருஷம் நூற்று முப்பத்தொன்று.
பன்னிரண்டுக்கு ஒரு மயிரிழை குறைவு என்கிறது கால்குலேட்டர்.
"பன்னிரண்டு என்றே எழுது.
மயிரிழை என் கணக்கில்."

தேர்ச்சி எண்பத்தெட்டு.
மறுதேர்வு இருபத்தாறு.
இடைநிற்றல் பதினேழு,
பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்:
காரணம், இருபது எழுத்துக்குள்.

விசா ரத்து.
எந்த மொழியில் எழுதினாலும் அடங்கிவிடும் அது.
முகாம் மாற்றம், பேருந்து இல்லை.
அதுவும் அடங்கும்.
ஒன்பதாவது பெயர் சந்திரவதனி.
மட்டக்களப்புக்காரி, ரிஃபாவில் வீட்டு வேலை.
வெள்ளிதோறும் கிடைத்த மூன்று மணி நேரத்தில்
இரண்டரையைக் கணக்குப்பதிவு வகுப்புக்குக் கொடுத்தவள்.
பற்று வரவு என்றால் என்ன
என்று லூர்தினா டீச்சர் கேட்டதற்கு
"வாங்கினத மறைக்காம இருக்கிறது,
குடுத்தத மறக்காம இருக்கிறது" என்றாள்.
அந்த வீட்டில் மூன்றாவது குழந்தை பிறந்தது.
அதோடு வருவது நின்றது.

'வெள்ளிக்கிழமை இல்லை'
என்று எழுதினேன்.
மேடம் படித்தார்.
"இது ஒரு காரணமா?" என்றார்.
அடிக்கவில்லை.

இனி எழுதக் கூடாத ஒன்று.

ஜூலையில் ஆய்வாளர்கள் வந்த மத்தியானம்
பெரிய வகுப்பின் ஏசி படுத்துக்கொண்டது.
வெளியே நாற்பத்தாறு டிகிரி,
போதாததற்குக் கடல் ஈரம்.
பன்னிரண்டிலிருந்து நான்கு வரை
வெயிலில் யாரும் வேலை செய்யக் கூடாது.
சட்டம் அது. அச்சிட்ட தாள்
எங்கள் அறிவிப்புப் பலகையில்தான் தொங்குகிறது.
அந்த நான்கு மணி நேரத்தைத்
தூங்கிக் கழிக்கப் பின்வரிசைக்கு வந்திருந்தான் வில்வநாதன்.
ஏசி மெக்கானிக் பாடம், மூன்றாம் முறை.
எழுத்துத் தேர்வில்
முப்பத்தொன்று, இருபத்தொன்பது, முப்பத்துநான்கு.
நாற்பது வேண்டும்.

ஒருவரும் சொல்லவில்லை அவனை.
சொல்லவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது,
தடுக்கவுமில்லை என்பதால்.
கூரைக்கு ஏறினான்.
குடையோடு பின்னால் ஓடினேன்.
தகரம் செருப்பைத் தாண்டிச் சுட்டது.
"அக்கா, நெழலு எனக்கு வேணாம்,
மெஷினுக்குப் புடிங்க" என்றான்.
இருபது நிமிடம்.
கருகிய கெப்பாசிட்டரைக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தான்.

கீழே ஆய்வாளர்
முதல் குளிர்காற்றில் கைக்குட்டையை மடித்தபடி
'கற்றல் சூழல்: மிக நன்று' என்று எழுதினார்.
அந்த 'மிக' எப்படி வந்தது என்று
படிவம் கேட்கவில்லை.
கேட்டால் அபராதம்.
வில்வநாதன் இப்போது இருபத்தாறில் ஒருவன்.

மேடத்துக்குத் தெரியும்.
குடை போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தாராம்.
மறுநாளே ஏசி மூன்றுக்கும்
பராமரிப்பு ஒப்பந்தம் போட்டார்.
எழுத வராதவர்களுக்குச் செய்முறைத் தேர்வு மட்டும்
வைக்க அனுமதி கேட்டு ஒரு கடிதம்.
நவம்பரில் நினைவூட்டல்.
பிப்ரவரியில் இன்னொன்று.
பதில் இல்லை.
கடிதம் போட்டதை எந்தத் தலைப்பில் காட்டுவது?
முன்னேற்றமா, நிலுவையா?

ஆறு மணி. கீழே வேன் ஹாரன்.
இரும்பு முனை பூட்ஸுகள் படியேறி வருகின்றன.
தேர்வு வைத்தால் படிச்சத்தத்திலேயே
ஆள் சொல்லி நூறு வாங்குவேன்.
மின்விசிறிக்குத் தாள்கள் பறக்கின்றன.
மேசை டிராயரைத் திறந்து
வயிறு வீங்கிய அந்தக் கெப்பாசிட்டரை எடுத்து
அறிக்கையின் மேல் வைக்கிறேன்.
அசையாமல் கிடக்கிறது பன்னிரண்டு சதவீதம்.